சூடு முதலா, சோர்வு முதலா? பழைய டர்போ டீசல் காரின் நோயறியும் பாடம்

கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் சங்க அன்பர்களின் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை, காரிலேயே ஊருக்குப் போய்விடலாமா?" புணேயிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 840 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சிக்கு இன்னும் 350 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மே மாத வெயில், நிறைந்த சுமை, வழியில் மலையேற்றம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய டீசல் காருக்கு இதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபோது பல சிறிய கார்களில் டீசல் இஞ்சின் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று நம் குடும்பங்களில் ஓடும் சிறிய டீசல் கார்களில் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவை. இத்தகைய கார்களில் அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு கோளாறுகள், இஞ்சின் சூடாவதும் இழுவை குறைவதும். இவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் மெக்கானிக் அல்லன். பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு கார்க்காரன். முதலில் பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பாட்கி ஏற்றத்தில்

2019 மே மாதம். புணேயிலிருந்து சாத்தாரா செல்லும் வழியில் கம்பாட்கி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். எங்களுடையது 2008ஆம் ஆண்டு டர்போ டீசல் கார். பாதி ஏற்றத்தில், "அப்பா, ஏ.சி. சூடா வருது" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் சொன்னார்கள். "வெயில் அப்படி, கண்ணாடியை இறக்குங்கள்" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். சில நிமிடங்களில் சூட்டு முள் மேலே ஏறியது. அதன் பிறகு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது. சமதளத்தில் குறையே இல்லை. அடுத்த ஏற்றத்தில் அதே கதை. கோலாப்பூரில் ஒரு பட்டறையில் காட்டினோம். "பிக்கப் இல்லையென்றால் டர்போ போய்விட்டது" என்று உடனே தீர்ப்புக் கிடைத்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும், இரண்டு நாள் தங்க வேண்டும் என்றார்கள். ஊரில் மைத்துனன் திருமணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று நான் தலையாட்டப் போன நேரத்தில் என் மனைவி கேட்டாள்:

"என்னங்க, டர்போதான் கெட்டுப்போச்சுன்னா ஏ.சி. ஏன் முதல்ல சூடா வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் விடை இல்லை. வேறொரு சிறிய பட்டறைக்குப் போய், நடந்ததை வரிசையாகச் சொன்னோம். வயதான மிஸ்திரி முன்பக்க கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் தூசி, பஞ்சு, பூச்சி எல்லாம் சேர்ந்து கம்பளித் துணி போல் படிந்திருந்தது. காற்று நுழைய வழியே இல்லை. மெல்ல நீர் பாய்ச்சிச் சுத்தம் செய்தார். செலவு அறுநூறு ரூபாய். அந்தக் கார் திருச்சி போய்த் திரும்பியது. டர்போ இன்றுவரை பழையதுதான்.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மாதமாகவே நகர நெரிசலில் ஏ.சி. சரியாகக் குளிரவில்லை. இரண்டு முறை கேஸ் நிரப்பினேனே தவிர, காரணத்தைத் தேடவில்லை. கார் முன்கூட்டியே சொன்னது, எனக்குத்தான் கேட்கவில்லை.

சூடு எங்கே போகிறது?

இஞ்சினில் எரியும் டீசலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை இஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்று அதை வாங்கிக்கொள்கிறது. ஏற்றத்தில் அதிக டீசல் எரிகிறது, ஆகவே அதிகச் சூடு பிறக்கிறது. அதே நேரத்தில் வண்டி மெதுவாகப் போவதால் எதிர்காற்றும் குறைகிறது. அதனால்தான் மறைந்திருக்கும் கோளாறு ஏற்றத்தில் வெளிப்படுகிறது.

கூலன்ட் தொட்டியின் மூடி வெறும் மூடியன்று. அது நம் வீட்டு பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தை உள்ளே தாங்குவதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று மேலே போகும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் இறங்கி, உள்ளிருக்கும் நீர் முழுவதும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டாலும் வண்டி சீக்கிரம் கொதிக்கும். மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடிய இந்த மூடியைப் பலரும் சோதிப்பதே இல்லை.

டர்போ செய்வது என்ன?

புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1978இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி. கார் டர்போ டீசலைப் பயணிகள் காருக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1998இல் வந்த டாடா சஃபாரியும், 2007இல் வந்த டீசல் ஸ்விஃப்டும் இவ்வகை இஞ்சினைப் பல வீடுகளுக்கு அறிமுகப்படுத்தின.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். கோடையில் டர்போவை விட்டு வெளிவரும் காற்று 100 டிகிரியைத் தாண்டும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். இஞ்சினுக்குள் போகும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும். காற்று குறைந்தால் இழுவையும் குறையும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறோம். கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் கார்களில், இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் கணினி முதலில் ஏ.சி. கம்ப்ரெசரை நிறுத்தும். பிறகு டீசலின் அளவைக் குறைத்து இஞ்சினைக் காப்பாற்றும். எங்கள் காரில் நடந்தது இதுவே. இழுவை குறைந்தது ஒரு கோளாறே அன்று, அது காவல். நாங்களோ காவல்காரனையே திருடன் என்று நினைத்து நாற்பதாயிரம் கொடுக்க இருந்தோம்!

முதல் கேள்வி: எது முதலில் வந்தது?

சூடு முதலில், சோர்வு பின்னால் என்றால் குளிர்விக்கும் அமைப்பைத் தேடுங்கள். டர்போவைத் தொட வேண்டாம்.

சோர்வு முதலில், சூடு பின்னால் என்றால் காற்று, டீசல், புகை ஆகிய மூன்று வழிகளையும் தேடுங்கள். இழுக்காத வண்டியைச் சின்ன கியரில் போட்டு மிதித்து மிதித்து ஓட்டுவதால் சூடு ஏறுகிறது. இங்கே ரேடியேட்டரை மாற்றிப் பயனில்லை.

இரண்டும் ஒன்றாக, சமதளத்திலும் வந்தால் மூன்று பொதுக் காரணங்கள் உண்டு. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, புகைக்குழாய் அடைத்திருப்பது, ஹெட் கேஸ்கட் போயிருப்பது.

இரண்டாம் கேள்வி: சூடு எப்போது ஏறுகிறது?

1. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் ஃபேன் சுழலும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

2. நெரிசலில் சரியாக இருந்து, வேகத்திலோ ஏற்றத்திலோ ஏறினால், ரேடியேட்டர் வெளியே தூசியாலோ உள்ளே உப்பாலோ அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பு வலுவிழந்திருக்கலாம். போர்வெல் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்த வண்டிகளில் உள்ளடைப்பு சகஜம்.

3. கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். இது பொதுவாக 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்க வேண்டிய வால்வு. இஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் ஐயம் உறுதிப்படும்.

4. கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் கவலைப்பட வேண்டும். இரவு முழுதும் ஆறிய வண்டியின் ரப்பர் ஹோஸ் காலையிலும் விறைப்பாக இருக்கிறதா? ஆறிய நிலையில் மூடியைத் திறந்து கிளப்பினால் தொட்டியில் குமிழ்கள் இடைவிடாது வருகின்றனவா? சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையா? இவை ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளங்கள். இதற்கு மேல் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் கேள்வி: புகை என்ன நிறம்?

இழுவை முதலில் குறைந்த வண்டிக்கு இது நல்ல சோதனை. பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ், திறந்தபடி நிற்கும் ஈ.ஜி.ஆர். வால்வு, டர்போவை இயக்கும் சிறு வாக்குவம் குழாயில் விரிசல் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். மிதிக்கும்போது "உஸ்" என்ற ஓசையும், ஹோஸின் இணைப்பில் புதிய எண்ணெய்க் கறையும் இருந்தால் கிழிசல் அங்கேதான். சில நூறு ரூபாய் கிளாம்ப் ஒன்று தளர்ந்ததற்காக டர்போவையே மாற்றியவர்கள் உண்டு.

புகையே இல்லாமல் சோர்ந்தால் இஞ்சினுக்கு டீசல் போதவில்லை. டீசல் ஃபில்டரில் அடைப்பா, அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி தானே அளவைக் குறைத்திருக்கலாம், அப்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும்.

நீலப்புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. அதோடு டர்போவிலிருந்து ஊளையிடும் சத்தமும் வந்தால்தான் டர்போவின் பேரிங்கைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

இன்னொன்று, இஞ்சின் சுற்று ஏறுகிறது ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் தேய்ந்தது கிளச் பிளேட்டு. அதற்கும் டர்போவுக்கும் உறவில்லை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். கூலன்ட் அளவு, நிறம், எண்ணெய் மிதப்பு, ஹோஸ்களில் வெடிப்பு இவற்றைக் கவனியுங்கள். கிரில் வழியாக டார்ச் அடித்து ரேடியேட்டரின் மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கண்டென்சருக்குப் பின்னாலுள்ள சந்தையும் மறக்க வேண்டாம். சுத்தம் செய்யும்போது இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தோட்டக் குழாயின் மெல்லிய நீரே போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்த பிரேக் விடவில்லை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி. கருவியைப் பொருத்தினால், அதற்கு இடம்தரும் கார்களில் கூலன்ட் சூட்டை எண்ணாகவே செல்போனில் காணலாம். டாஷ்போர்டு முள்ளை முழுதும் நம்ப வேண்டாம். பல கார்களில் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும்.

வழியில் முள் ஏறினால்

ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வெயிலில் இது தண்டனைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். ஆவி வராமல், முள் சிவப்பைத் தொடாமல் இருந்தால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். ஃபேனும் டர்போவுக்குப் போகும் ஆயிலும் ஓடிச் சூடு இறங்க அது உதவும். ஆவி வந்தாலோ, முள் சிவப்பில் நின்றாலோ, கூலன்ட் கொட்டினாலோ உடனே இஞ்சினை நிறுத்துங்கள். குழந்தைகளைச் சாலைப் பக்கமில்லாத கதவு வழியாக இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே போன முள் திடீரென்று கீழே விழுந்தால் "ஆறிவிட்டது" என்று மகிழ வேண்டாம். நீரெல்லாம் வெளியேறி, சென்சாரைச் சுற்றி நீரே இல்லாமல் போயிருக்கலாம்.

முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். பிறகு தடித்த துணியால் மூடியைச் சிறிது திருகி, அழுத்தம் போனபின் திறங்கள். கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். அலுமினியம் அதே சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உள்ள இஞ்சினில், "இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே" என்று சிவப்பு முள்ளோடு ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். அறுநூறு ரூபாய் வேலை அந்த ஐந்து கிலோமீட்டரில் அறுபதாயிரம் ஆகலாம்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஆகாது" என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. இஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் டீசல் செலவும் தேய்மானமும் கூடும்.

மிஸ்திரியிடம் என்ன சொல்வது?

நம்மில் பலருக்கு இங்கேதான் இடறல். மொழி முழுதும் வராத இடத்தில், "கரம் ஹோத்தா ஹை, பிக்கப் நஹீ ஹை" என்ற இரண்டு வாக்கியங்களோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அதைக் கேட்கும் மிஸ்திரி தமக்குத் தோன்றிய பாகத்தைச் சொல்கிறார். வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த முறையும் முதலில் நோய், பிறகு அதன் காரணம், அதன் பிறகே மருந்து என்பதுதான். காரணத்தைக் காண உதவும் செய்தி பட்டறையில் இல்லை, வண்டியில் உட்கார்ந்திருந்த நம்மிடம்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு சீட்டில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்: எது முதலில் வந்தது, எங்கே வந்தது (ஏற்றம், நெரிசல், சமதளம்), ஏ.சி. என்ன ஆயிற்று, புகை என்ன நிறம், கூலன்ட் எவ்வளவு குறைந்தது. இதைச் சொல்ல நான்கைந்து இந்திச் சொற்கள் போதும். "சடாயீ பர்" என்றால் ஏற்றத்தில். "பெஹலே ஏ.சி. பந்த் ஹுவா, பாத் மே பிக்கப் கயா" என்றால் முதலில் ஏ.சி. நின்றது, பிறகு இழுவை போனது. "காலா துவா" கரும்புகை. "பானீ கம் ஹோத்தா ஹை" என்றால் தண்ணீர் குறைகிறது.

விலை உயர்ந்த பாகத்தை மாற்றச் சொன்னால், "இது கெட்டால் முதலில் தெரியும் அடையாளம் என்ன? அது என் வண்டியில் தெரிந்ததா?" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மிஸ்திரி கோபிக்க மாட்டார், விளக்குவார்.

கடைசியாக ஒன்று. வண்டி ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். அருகில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். பின்னால் இருக்கும் பிள்ளைகள், "அப்பா, ஏ.சி. சூடா வருது" என்றால் அதை முறையீடாக எண்ணாமல் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். அன்பர்கள் அனைவரும் நலமாக ஊர் சேர்ந்து, நலமாகத் திரும்ப வாழ்த்துகிறேன்.